செயலாளரின் சொந்தக் கணக்கில் வரும் நன்கொடை: பகுதிநேரக் கணக்காளருக்குப் பதில்

வணக்கம். சிறுவர்களுக்குக் கபடி கற்றுத்தரும் அறக்கட்டளையின் கணக்குகளை வாரத்தில் இரண்டு மாலைகள் மட்டும் பார்க்கும் நீங்கள், நன்கொடைகள் செயலாளரின் சொந்த ஜிபே எண்ணுக்கு வருவதாகவும், காலணிகளுக்கென ஒருவர் தந்த தொகை மைதான வாடகைக்குச் செலவாகிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள்.

முதலில் நிறுத்த வேண்டியது அந்த ஜிபே வழக்கத்தைத்தான். செயலாளர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அறக்கட்டளையின் பணம் அவருடைய சொந்தப் பணத்தோடு கலக்கும்வரை அந்த நேர்மையை அவராலேயே நிரூபிக்க முடியாது. ஆகவே இதைக் குற்றச்சாட்டாக அல்லாமல், அவருக்கான பாதுகாப்பாகவே எடுத்துச் சொல்லுங்கள். அறக்கட்டளையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிற்கே க்யூஆர் அட்டை பெற்று, இதுவரை அவரிடம் வந்த தொகைகளை அவரது வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டு, மீதியை அந்தக் கணக்கிற்கு மாற்றச் செய்யுங்கள்.

காலணித் தொகையைப் பொறுத்தவரை, கொடுத்தவரிடம் உண்மையைச் சொல்லி எழுத்துப்பூர்வமான ஒப்புதல் பெறுங்கள். அவர் மறுத்தால் பொது நிதியிலிருந்து அதை ஈடுசெய்வதே முறை. இனிமேல் குறிப்பிட்ட நோக்கத்திற்கென வரும் பணத்திற்குப் பேரேட்டில் தனித் தலைப்பு இருக்கட்டும்.

நன்கொடையாளர்களுக்கு வருமான வரிச்சலுகை பெற்றுத்தரும் 80ஜி சான்று அறக்கட்டளைக்கு இருந்தாலும், 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு வரிச்சலுகை கிடைக்காது என்பதை ரசீது எழுதுபவர்களிடம் இப்போதே தெரிவித்துவிடுங்கள். பயிற்சியாளர்களின் மதிப்பூதியத்தையும் வங்கி வழியே கொடுப்பது நல்லது.

நேரம் குறைவு என்பதால் அன்றாடச் சில்லறைச் செலவுகளை ஒரு பயிற்சியாளர் குறித்து வைக்கலாம். ஆனால் மாதாந்திர வங்கிச் சரிபார்ப்பை நீங்களே செய்து, அறங்காவலர் ஒருவரின் கையொப்பத்தையும் வாங்கிவிடுங்கள்.