செல்லப்பிராணிகளின் புற்றுநோய்ப் பதிவேடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நாய், பூனைகளின் புற்றுநோயைப் பதிவு செய்யும் வழக்கம் எங்காவது இருக்கிறதா, டாக்டர்?

இருக்கிறது. முன்னோடி கலிஃபோர்னியா. 1963இல் அலமீடா, கான்ட்ரா கோஸ்டா மாவட்டங்களில் தொடங்கினார்கள். பிறகு பல நாடுகளில் வந்தன. ஸ்விட்சர்லாந்தின் நாய்ப் பதிவேடு, 1955 முதல் 2008 வரையிலான ஆய்வக முடிவுகளைத் திரட்டியது.

கேள்வி: எல்லா க்ளினிக்குகளின் கேஸ்களையும் கூட்டினால் போதாதா?

போதாது. நூறு கட்டி என்றால், எத்தனை நாய்களில் நூறு? மனிதருக்கு மக்கள்தொகைக் கணக்கு உண்டு, நாய்க்கு இல்லை. அதனால் அலமீடாவில் வீடுகளில் மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தி, எத்தனை நாய், பூனை வளர்கின்றன என்று மதிப்பிட்டார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் நாய்களில் சுமார் 381 புற்றுநோய், பூனைகளில் சுமார் 156 என்ற விகிதம் அப்படித்தான் கிடைத்தது. நான் பெரிதும் மதிக்கும் உழைப்பு அது. ஒரு பதிவேட்டில் லாப்ரடார்கள் நிறைய இருந்தால், அந்த ஊரில் லாப்ரடார்களே நிறையவா என்று முதலில் கேளுங்கள். டாக்டரிடம் கொண்டுவரப்படாத நாய் எந்தக் கணக்கிலும் ஏறாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: முதல் ஹீட்டுக்கு (இணைசேரும் பருவத்துக்கு) முன்பே கருத்தடை செய்தால் பெண் நாய்க்கு மார்பகப் புற்றுநோய் வரவே வராதாமே?

ஆபத்து குறையும் என்று சொல்லலாம். 'வரவே வராது' என்பது அதிகம். அந்தப் பேச்சின் வேர் கலிஃபோர்னியப் பதிவேட்டை வைத்து ஷ்னைடர் குழு 1969இல் வெளியிட்ட ஆய்வு. முதல் ஹீட்டுக்கு முன் கருத்தடை செய்தால் 0.5%, ஒரு ஹீட்டுக்குப் பின் 8%, இரண்டோ அதற்கு மேலோ ஆனபின் 26%. இதைப் படித்து, நூற்றுக்கு 26 நாய்களுக்கு நோய் வரும் என்று பயந்துவிடாதீர்கள். கருத்தடை செய்யாத நாயின் ஆபத்தை 100 என்று வைத்தால் வரும் ஒப்பீட்டு எண்கள் இவை. ஆதாரம் அவ்வளவு உறுதியானதல்ல என்று 2012இல் வந்த மறுஆய்வு ஒன்று சொன்னது. இனம், எடை பார்த்து உங்கள் டாக்டரோடு பேசி முடிவெடுங்கள்.

கேள்வி: இதனால் மனிதருக்கு என்ன பயன்?

நாமிருக்கும் வீட்டில்தான் நாயும் மூச்சுவிடுகிறது, ஆயுளோ குறைவு. அதனால் சூழலின் தீங்கு அதனிடம் சீக்கிரம் தெரியலாம். வீட்டாரின் ஆஸ்பெஸ்டாஸ் தொடர்புக்கும் நாய்களின் மீசோதீலியோமாவுக்கும் (நுரையீரல், வயிறு போன்றவற்றின் உறையில் வரும் புற்றுநோய்) உள்ள உறவை 1983இலேயே அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

கேள்வி: கட்டியை எடுத்தாயிற்று. பயாப்ஸிக்கு (ஆய்வகத் திசுப் பரிசோதனைக்கு) ஏன் தனிச் செலவு?

தயவுசெய்து அனுப்புங்கள். வெறும் கண்ணால் பார்த்து எந்தக் கட்டி என்று சொல்ல முடியாது. அடுத்த சிகிச்சையும் அதைப் பொறுத்ததே. கட்டியைப் போல் பத்து மடங்கு அளவு 10% ஃபார்மலினில் (திசுவைக் கெடாமல் காக்கும் திரவம்) போட வேண்டும், ஃப்ரீஸரில் வைக்கக் கூடாது. படிவத்தில் வயது, இனம், பாலினம், கருத்தடை ஆனதா, கட்டி இருந்த இடம் எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள்.