பதிவு 2015, தயாரிப்பு 2014: எந்த அக்சியோவின் பம்பர் பொருந்தும்?

கேள்வி: கொடிகாமத்துக்குக் கிட்ட ஏ9 வீதியில் இரவு மாடு குறுக்கே வந்து, எங்கள் ரொயோட்டா அக்சியோ ஹைபிரிட்டின் முன் பம்பரும் இடது மட்காட்டும் உடைந்துவிட்டன. கொழும்பில் பழைய பாட்ஸ் விற்கும் ஒருவர் வட்ஸ்அப்பில் படம் அனுப்பி, "2015 அக்சியோ, அதே சில்வர், அப்படியே பூட்டலாம்" என்கிறார். எங்கள் புத்தகத்திலும் பதிவு 2015தான். பாதிக் காசை முதலில் போடட்டாம். போடலாமா?
(வாசகர், சாவகச்சேரி)

பதில்: பொறுங்கோ, இன்னும் போடாதேங்கோ. புத்தகத்தில் பதிவு செய்த ஆண்டை விட்டுவிட்டுத் தயாரித்த ஆண்டைப் பாருங்கள். யப்பானில் ஓடிவிட்டு வந்த கார் என்றால் இரண்டும் ஒன்றாக இருக்காது. இந்த வடிவ அக்சியோ 2012இல் வந்தது, அதில் ஹைபிரிட் 2013இல் சேர்ந்தது, 2015 மார்ச்சில் முன்பக்கத்தையே மாற்றிவிட்டார்கள்: பம்பர், கிறில், ஹெட்லைற் எல்லாம் வேறு. உங்களுடையது 2014இல் செய்து 2015இல் பதிந்ததாக இருந்தால் அது பழைய முகம். அவரிடம் இருப்பது புது முகமாக இருக்கலாம், அவர் பொய் சொல்லவும் இல்லை, இரண்டுமே "2015 அக்சியோ"தான்.

ஆகவே ஆண்டைச் சொல்லிக் கேட்காமல் சேசிஸ் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். ஹைபிரிட் என்றால் என்கேஈ165 என்று தொடங்கும். உடைந்த பம்பரை எறிந்துவிட்டீர்களா? எறியவில்லை என்றால் திருப்பிப் போட்டு உள்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள், பிளாஸ்ரிக்கிலேயே ஒரு நம்பர் அச்சாகி இருக்கும். ரொயோட்டாவில் முன் பம்பருக்கு 52119, பொனற்றுக்கு 53301 என்று முதல் ஐந்து இலக்கங்கள் வரும், அவை என்ன பாகம் என்று மட்டுமே சொல்லும், எந்த வாகனத்துக்கு என்பதை அடுத்த ஐந்தும்தான் சொல்லும், அதனால் முழு நம்பரும் தெரியும்படி உள்பக்கப் படம் கேளுங்கள். வெளிப்பக்கப் படம் பத்து அனுப்பினாலும் பிரயோசனமில்லை.

நான் ஒருமுறை விட்ஸ் ஒன்றுக்குப் பம்பர் வாங்கினேன். ஃபொக் லைற் ஓட்டை, கொழுவிகள் எல்லாம் சரி. பூட்டியபிறகு பார்த்தால் ஒரு பக்கம் ஹெட்லைற்றுக்குக் கீழே சுண்டுவிரல் போகிற இடைவெளி. பம்பரில் ஒரு பிழையும் இல்லை, உள்ளே ரேடியேற்றரைத் தாங்கும் சட்டம் வளைந்திருந்தது. நீங்களும் பாட்ஸ் தேடுவதற்கு முதல் கராச்சில் அந்தச் சட்டத்தை அளக்கச் சொல்லுங்கள், மாடு அடித்த காரில் இது அநேகமாக வளைந்திருக்கும்.

மட்காட்டில் இடம் வலம் குழப்பிவிடும். சாரதி இருக்கையில் இருந்து பார்க்கிற இடதுதான் இடது, முன்னால் நின்று எடுத்த படத்தில் அது மறுபக்கம் தெரியும். பக்கவாட்டு சிக்னல் உங்கள் காரில் கண்ணாடியில் இருக்கிறதா, மட்காட்டில் இருக்கிறதா? அதைப் பொறுத்து ஓட்டை இருக்கும் அல்லது இருக்காது. அப்புறம் கீழ் விளிம்பு. எங்கள் பக்கத்து உப்புக்காற்றில் துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். துணி சுற்றிய காந்தத்தை மெதுவாக இழுத்துப் போனால், ஒட்டாமல் வழுக்குகிற இடத்தில் புட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) தடிப்பாக இருக்கிறது என்று அர்த்தம். (எல்லா வாகனத்துக்கும் இது சரிவராது: மூன்றாம் தலைமுறை பிரியஸின் பொனற் அலுமினியம், பழைய எக்ஸ்-ட்ரெயில் ரி30இன் முன் மட்காட் பிளாஸ்ரிக், காந்தம் எங்கேயும் ஒட்டாது.)

"அதே சில்வர்" என்பதை நம்பி விலையைக் கூட்டிக் கொடுக்க வேண்டாம். உங்கள் காரின் விபரத் தகட்டில் நிறக் குறியீடு அதே 1எஃப்7 (சில்வர்) என்று இருந்தாலும் வெயில் குடித்த சில்வரும் வெயில் படாத சில்வரும் பக்கத்தில் வைத்தால் இரண்டு நிறம். பெயின்ற் கூலியையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள், ஆனால் பெயின்ற் அடிப்பதற்கு முதல் வெறுமனே பூட்டி, அடிபடாத வலது பக்க இடைவெளியோடு ஒப்பிடுங்கள். அடித்துவிட்டால் திருப்பி எடுக்கமாட்டார்கள்.

சரி, காசு. நம்பர் பொருந்தினால் போடுங்கள், பற்றுச்சீட்டில் சேசிஸ் நம்பரையும் பாக நம்பரையும், "பொருந்தாவிட்டால் திருப்பி எடுக்கப்படும்" என்ற வரியையும் எழுதி வாங்கிக்கொண்டு. பிறகு இழுத்தடித்தால் 1977க்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் சொல்லுங்கள். எழுத்தில் முறையிடுவதென்றால் வாங்கி மூன்று மாதத்துக்குள், அந்தச் சீட்டின் பிரதியோடு.