பூனையின் லிட்டர் பாக்ஸில் நாய் வாய் வைக்காமல் இருக்க என்ன செய்வது?

நாயைத் திருத்துவதில் இருந்து ஆரம்பிக்காதீர்கள். பூனை நுழையும், நாய் நுழைய முடியாது என்கிற மாதிரி ஒரு வாசலை இன்றைக்கே ஏற்பாடு செய்யுங்கள். பழக்குவது, அதட்டுவது எல்லாம் அதற்கு அப்புறம்.

ஒன்றரை வயது லாப்ரடார், இரண்டு வயதுப் பூனை, வாடகை ஃபிளாட், ஹால் மூலையில் லிட்டர் பாக்ஸ், அதாவது பூனை மலஜலம் கழிக்கும் மணல் டப், அதில் கிடக்கும் மலத்தை நாய் தின்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்து, "ரெண்டுல ஒண்ணை யாருக்காவது குடுத்துடு" என்கிறார்கள் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். இதற்காக எந்த ஜீவனையும் வீட்டை விட்டு அனுப்ப வேண்டியதில்லை. எங்கள் வீட்டிலும் இதே ஜோடிதான். பிரவுனி என்கிற லாப், மல்லி என்கிற நாட்டுப் பூனை. இருவரும் ஒரே கூரையின் கீழ் நிம்மதியாக இருக்கிறார்கள்.

பெரியவர்களுக்கு முதலில் ஒன்றைப் புரிய வையுங்கள். நாய்க்குப் புத்தி கெட்டுப்போய் அது இப்படிச் செய்யவில்லை. பூனை மாமிசத்தை நம்பியே உயிர் வாழும் பிராணி என்பதால் அதன் தீவனத்தில் புரதமும் கொழுப்பும் அதிகம். அமெரிக்காவில் தீவனத் தரத்தை வகுக்கும் ஆஃப்கோ அமைப்பின் அளவுப்படி, ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் வளர்ந்த நாயின் தீவனத்தில் குறைந்தது 18 சதவீதம் புரதம் வேண்டும், பூனையின் தீவனத்தில் 26 சதவீதம். செரிக்காமல் வெளியே வருவதிலும் அந்த வாசனை தங்கிவிடுகிறது. மத்தியும் நெத்திலியும் தின்கிற பூனை என்றால் கேட்கவே வேண்டாம். நாயின் கணக்கில், ஹால் மூலையில் தினமும் யாரோ தின்பண்டம் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொரு தடவையும் அதற்கு ருசியாக ஏதோ கிடைக்கிறது. அதட்டலுக்கு அது மசியாததற்கு இதுதான் காரணம்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் 2018-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நாய் மலத்தைத் தின்னும் நாய்களைப் பற்றியது, பூனை மலம் அதில் இல்லை. ஆனாலும் நமக்கு உதவும் இரண்டு விஷயங்கள் அதில் உண்டு. தின்னும் நாய்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், இரண்டு நாளுக்கு உட்பட்ட புது மலத்தைத்தான் தின்கின்றன. இந்தப் பழக்கத்தை நிறுத்துவதாகச் சொல்லி விற்கும் 11 வகை மாத்திரை, பொடிகளைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டதில், பலன் கிடைத்ததாகச் சொன்னவர்கள் 0 முதல் 2 சதவீதம் வரைதான். அந்தப் பணத்தை ஹார்டுவேர் கடையில் செலவழியுங்கள் என்பேன்.

நாயை விடப் பூனையை நினைத்துத்தான் எனக்குக் கவலை அதிகம். மல்லி டப்புக்குள் இறங்கினால் முதலில் நான்கு பக்கமும் மோந்து பார்ப்பாள். ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து முன்காலால் பள்ளம் பறிப்பாள், சுற்றித் திரும்பி உட்காருவாள். ஹாலில் டப் இருந்த நாட்களில் அந்தச் 'சரக் சரக்' சத்தம் கேட்டதுமே தூங்கிக்கொண்டிருக்கும் பிரவுனியின் காது எழுந்து நிற்கும். அடுத்த நொடி டப்பின் விளிம்பில் மூக்கை வைத்துக் காத்திருப்பான். அவன் கடித்ததும் இல்லை, குரைத்ததும் இல்லை. ஆனால் மல்லியின் காதுகள் பின்னால் மடங்கிவிடும். மூடக்கூட மூடாமல் ஒரே தாவில் வெளியே பாய்ந்துவிடுவாள். பிறகு வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஈரம், கால் மிதியில் ஈரம். பூனை கொழுப்பெடுத்துப் போய் இப்படிச் செய்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். பயமில்லாமல் உட்கார அதற்கு இடம் இல்லை, அவ்வளவுதான். இப்படி அடக்கி வைத்து மன அழுத்தத்தில் இருக்கும் பூனைக்குச் சிறுநீர்ப்பை அழற்சி வரலாம். அதனால் எந்த ஏற்பாடு செய்தாலும் நான் முதலில் பார்ப்பது, பூனை அவசரமில்லாமல் போய்விட்டு வருகிறதா என்பதைத்தான்.

எங்களுடையதும் வாடகை வீடு. கதவில் ஓட்டை போட்டுப் பூனைக் கதவு மாட்ட வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். அதனால் அதிகம் புழங்காத பாத்ரூமுக்குள் டப்பை மாற்றினோம். அந்தக் கதவு உள்பக்கமாகத் திறக்கும். கைப்பிடியில் இருந்து நிலையில் உள்ள தாழ்ப்பாள் கொண்டி வரை ஒரு நைலான் கயிறு. மல்லியின் தலையும் மீசையும் தாராளமாக நுழையும், பிரவுனியின் தலை நுழையாது என்கிற அளவுக்கு இடைவெளி விட்டு முடிச்சு. லாப்ரடாரின் தலை அகலமானது, அதனால் உங்களுக்கும் இது சுலபமாக அமையும். ஆனால் கயிறு மட்டும் போதாது. கயிறு கதவை அதிகம் திறக்க விடாது, அவ்வளவுதான். காற்றடித்தால் கதவு சாத்திக்கொண்டு பூனை உள்ளேயோ வெளியிலேயோ மாட்டிக்கொள்ளும். எனவே கதவுக்கும் நிலைக்கும் நடுவே, பூனையின் தலைக்கு மேலே வருகிற உயரத்தில் ஒரு கட்டையைத் துணி சுற்றிக் கட்டிவிட்டோம். கதவு இப்போது இரண்டு பக்கமும் அசையாது. தரை ஈரமாக இருந்தால் பூனை கால் வைக்காது என்பதால் டப்பின் அடியில் ஒரு ரப்பர் பாய். உங்கள் வீட்டில் கதவு வெளிப்பக்கமாகத் திறந்தால் கயிற்றை உள்பக்கம் கட்ட வேண்டியிருக்கும். எப்படியும் முடிச்சு நாயின் வாய்க்கு எட்டக் கூடாது, இல்லாவிட்டால் கடித்தே அறுத்துவிடும்.

டப்பை ஒரே நாளில் இடம் மாற்றிவிடாதீர்கள். புது இடத்தில் இன்னொரு டப் வையுங்கள், பூனை அதைப் பயன்படுத்த ஆரம்பித்த பிறகு பழையதை எடுங்கள். அதுவரை பழைய டப் பக்கம் நாயைத் தனியாக விடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

பூனை அளவே உள்ள பொமேரியனோ டாஷண்டோ இருக்கும் வீட்டில் இந்த இடைவெளி வித்தை பலிக்காது. அங்கே உயரம்தான் வழி: ஆடாத மேசை, அகலமான ஸ்லாப், ஏறி இறங்க நடுவில் ஒரு ஸ்டூல். வயதாகி மூட்டு வலி வந்த பூனைக்கும் குட்டிக்கும் உயரம் சரிப்படாது. பெரிய நாய் என்றால், குழந்தைகளுக்குப் போடும் கேட்டைத் தரையில் இருந்து சற்றுத் தூக்கி மாட்டி, பூனை அடியில் புகுந்து போகும்படி செய்வதும் நல்ல யோசனை.

மூடி போட்ட டப், மேலே ஓட்டை உள்ள டப் என்று கடைகளில் காட்டுவார்கள். லாப்ரடார் அந்த மூடியை மூக்கால் நெம்பித் திறந்துவிடும். அதைவிட மோசம், மூடிய டப்புக்கு ஒரே வழி. அந்த வழியை நாய் மறித்து நின்றால் பூனை பொறியில் சிக்கிய மாதிரிதான். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் கேள்விக்குப் பதிலாக வேறு சிலர் டப்பைச் சுற்றிப் பினாயில் தெளி, அந்துருண்டை போடு, மிளகாய்ப் பொடி தூவு என்று எழுதியிருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பினாயிலில் இருக்கக்கூடிய பீனால் சேர்மங்களை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. பாதத்தில் பட்டதை நக்கியே அது விஷமாகிவிடும். அந்துருண்டை இரண்டு பிராணிகளுக்குமே நஞ்சு. மிளகாய்ப் பொடியோ முதலில் எரிக்கப்போவது குனிந்து மோந்து பார்க்கும் பூனையின் கண்ணையும் மூக்கையும்தான். ஒருமுறை எரிந்தால் அந்த டப் பக்கமே வராது. கழுவுவதற்குச் சாதாரண சோப்பும் வெந்நீரும் போதும்.

டப்பைக் காலையில் ஒருமுறை, இரவு ஒருமுறையாவது அள்ளிச் சுத்தம் செய்யுங்கள். புதிதாக இருப்பதைத்தான் நாய் தேடும் என்பதால் சுத்தம் மட்டுமே நாயைத் தடுத்துவிடாது, ஆனால் கதவு தவறித் திறந்து கிடக்கும் நாளில் சேதம் குறையும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும். பூனை மலத்தில் கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி இருந்தால், அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை ஆகும். தினமும் அள்ளிவிட்டால் பாதி பயம் போய்விடும். அள்ளியதை நாய் கவிழ்க்க முடியாத, மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். குடற்புழுவும் இந்த வழியாக நாய்க்கு வரலாம். பூச்சி மருந்தை இரண்டுக்கும் சேர்த்தே கொடுக்கும்படி கால்நடை மருத்துவரிடம் அட்டவணை கேட்டுக்கொள்ளுங்கள்.

வாசலைச் சரிசெய்த பிறகு 'விடு' என்ற சொல்லைப் பழக்குங்கள். மூடிய கைக்குள் ஒரு தீவன உருண்டை. நாய் நக்கும், பிறாண்டும், கடைசியில் சலித்து முகத்தைத் திருப்பும். அந்த நொடியில் 'விடு' என்று சொல்லி, மற்றொரு கையில் இருந்து வேகவைத்த கோழித் துண்டைக் கொடுங்கள். கைக்குள் இருப்பதை விட நீங்கள் கொடுப்பது எப்போதும் உசத்தியாக இருக்க வேண்டும். தெருவில் எதையாவது கவ்வும்போதும் இது கைகொடுக்கும். வாயைப் பிளந்து பிடுங்குவதும், மூக்கைப் பிடித்துத் தேய்ப்பதும் நேர் எதிரான வேலை செய்யும். அடுத்த முறை உங்களைக் கண்டதும் அவசர அவசரமாக விழுங்கிவிடும்.

அந்த விழுங்குதலில்தான் ஆபத்து. டப்பில் போடும் கட்டியாகும் லிட்டர் மணல் பெரும்பாலும் பெண்டோனைட் களிமண். ஈரம் பட்டால் உப்பி இறுகும். கொஞ்சம் போனால் மலத்தோடு வெளியேறிவிடும். நிறையப் போய்விட்டால் குடலை அடைத்துக்கொள்ளும். நாய் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், சாப்பாட்டை ஒதுக்கினால், வெளியே போக முக்கியும் எதுவும் வராவிட்டால், வீட்டு வைத்தியம் பார்க்காமல் அழைத்துப் போங்கள். இதுவரை இல்லாமல் திடீரென்று கண்டதையெல்லாம் தின்ன ஆரம்பித்து, உடம்பும் இளைத்தால், கணையக் கோளாறோ சர்க்கரையோ இருக்கலாம். ஸ்டீராய்டு மருந்து கொடுத்தாலும் பசி கன்னாபின்னாவென்று ஏறும். மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

உங்கள் பூனை ஆணா பெண்ணா என்று நீங்கள் எழுதவில்லை. ஆண் என்றால் இன்னும் கவனம். டப்புக்கும் வெளிக்கும் அலைந்து, குந்திக் குந்தி முக்கியும் ஒரு சொட்டுக்கூட வராவிட்டால் சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். மலச்சிக்கல் என்று நினைத்து மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். ராத்திரி எத்தனை மணியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.