பெங்குவின் பயணமும் மச்சானின் கார்டுக் கணக்கும்

கேள்வி: ஷார்ஜாவில் மின்பணி மேற்பார்வையாளராக இருக்கிறேன். சம்பளம் 7,500 திர்ஹம். எல்லாச் செலவும் போக மாதம் 1,000 மிஞ்சும். தென்காசியிலுள்ள மனைவியையும் இரு பிள்ளைகளையும் மே விடுமுறைக்கு வரவழைத்து, ஸ்கி துபாய் பனிக்கூடத்தில் பெங்குவின்களைக் காட்ட ஆசை. மனைவியின் அண்ணன் குடும்பத்தில் நால்வரும் வருகிறார்களாம். விசா, விமானக் கட்டணம் 10,500, நுழைவுச்சீட்டுகள் 2,000, ஸ்வெட்டர், சாப்பாடு 1,500 என 14,000 ஆகிறது. கிரெடிட் கார்டில் ஏற்கெனவே 18,000 பாக்கி இருக்கிறது. அதில் 11,000 மச்சானுக்கு வாங்கிக் கொடுத்தவை. பயணச் செலவைப் பூஜ்ய வட்டித் தவணையில் போடலாமா?

பதில்: போடாதீர்கள். நுழைவுச்சீட்டு மொத்தச் செலவில் ஏழில் ஒரு பங்குதான். அதனால் யாரும் கடனாளி ஆவதில்லை. மச்சான் கேட்டதையெல்லாம் உங்கள் கார்டில் வாங்கிக் கொடுத்துவிட்டு, பில் வந்ததும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிற பழக்கம்தான் உங்களைக் கரைக்கிறது.

நீங்கள் அனுப்பிய பில்லின்படி வட்டி மாதம் 3.25 சதவீதம். 18,000க்கு அது 585 திர்ஹம். நீங்கள் கட்டும் 900இல் அசலுக்குப் போவது வெறும் 315. அதே மாதம் மச்சானுக்கு ஒரு கைப்பேசி வாங்கினால் அதுவும் போயிற்று. அவருடைய 11,000க்கு மட்டும் மாதம் ஏறக்குறைய 357 திர்ஹம் வட்டி கட்டுகிறீர்கள் என்பதை உங்கள் மனைவி அறிவாரா?

பூஜ்ய வட்டி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சலிப்பு வருகிறது. செயலாக்கக் கட்டணம் உண்டா, ஒரு தவணை தவறினால் என்னவாகும் என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதிலாக, சம்பளம் வரும் வங்கியில் 18,000க்கு 24 மாதத் தனிநபர் கடன் கேட்டு, அந்தப் பணத்தில் கார்டுப் பாக்கியை முழுவதும் அடைத்துவிடுங்கள். 4.5 சதவீதம் என்று சொன்னால், அது முழு அசலுக்கும் கடைசிவரை போடும் வட்டியா, குறையும் அசலுக்கு மட்டுமா என்று கேளுங்கள். முழு அசலுக்கும் என்றால் உண்மையில் எட்டு சதவீதத்துக்குச் சற்று மேல் வரும். அப்போதும் தவணை சுமார் 817தான். இன்று கட்டும் 900ஐவிடக் குறைவு, இரண்டு ஆண்டில் முடிந்தும் விடும். ஆனால் கார்டின் வரம்பை அன்றே குறைக்கச் சொல்லாவிட்டால், ஒரு கடன் இரண்டாகும்.

பயணத்தை டிசம்பர் அரையாண்டு விடுமுறைக்குத் தள்ளிவையுங்கள். இந்த ஏப்ரல் முதல் மாதம் 800 ஒதுக்கினால் எட்டு மாதத்தில் 6,400 சேரும். மூவரின் விசாவும் விமானமும் 4,500, உங்களையும் சேர்த்து நால்வருக்கு நுழைவுச்சீட்டு 1,000, சாப்பாட்டுக்கு 700 என்றால் 6,200 போதும். ஸ்வெட்டரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். உறைநிலைக்குச் சற்றுக் கீழே இருக்கும் அந்தப் பனிக்கூடத்தில் கனத்த மேலங்கியும் காலணியும் சீட்டோடு சேர்த்தே தருகிறார்கள். பெங்குவின்களை அருகில் பார்க்கத் தனிச்சீட்டு. பிள்ளைகளுக்காக அதைத் தவறவிடாதீர்கள். துபாய் வந்து சேர்ந்ததும், பனிக்கூடம் இருக்கும் மால் ஆஃப் தி எமிரேட்ஸ் வணிக வளாகத்துக்கு மெட்ரோவிலேயே போகலாம்.

மச்சான் வரட்டும், தடையில்லை. அவருடைய விசாவுக்கும் விமானத்துக்குமான பணம் முதலில் உங்கள் மனைவியின் கணக்கில் வந்து சேர வேண்டும். அதன் பிறகே நீங்கள் டிக்கெட் போட வேண்டும். அவர்கள் நால்வரின் நுழைவுச்சீட்டு 1,000 திர்ஹம் உங்கள் விருந்தாக இருக்கட்டும், அதுவும் கையில் ரொக்கம் இருந்தால் மட்டும். இதை அவரிடம் நீங்கள் தொலைபேசியில் சொல்வதைவிட, தென்காசியில் உங்கள் மனைவி நேரில் சொல்வது நல்லது.