ராஸ்பெரி பையில் சீக்வென்சர்: கேள்வி பதில்

கேள்வி: ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில், நோட்டுகளை வரிசையாக ஒலிக்கவைக்கும் சீக்வென்சர் ஒன்றைப் பைத்தானில், ஸ்டெப்புக்கு ஸ்டெப் ஸ்லீப் (காத்திருக்கச் சொல்லும் கட்டளை) கொடுத்து எழுதினேன். கொஞ்ச நேரத்திலேயே டிரம் மெஷினைவிடப் பின்தங்குகிறது. பை 4-க்கு வேகம் போதவில்லையா?

பதில்: வேகம் தாராளமாகப் போதும். 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 பீட்) பீட்டுக்கு நான்கு ஸ்டெப் வைத்தால், ஒரு ஸ்டெப்புக்கு 125 மில்லிசெகண்ட். ஸ்லீப் அதற்குமேல் கொஞ்சம் தாமதமாகத்தான் எழும். நோட் அனுப்பும் நேரமும் அதோடு சேரும். இந்தப் பிழை ஸ்டெப்புக்கு ஸ்டெப் கூடிக்கொண்டே போகிறது. பாட்டு தொடங்கிய நேரத்தை மோனோடோனிக் கடிகாரத்தில் (பின்னோக்கிப் போகாத கணினிக் கடிகாரம்) ஒருமுறை குறித்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்டெப்பின் நேரத்தையும் அங்கிருந்தே கணக்கிடுங்கள். மீதமுள்ள நேரத்துக்கு மட்டும் ஸ்லீப். அப்போது ஒரு ஸ்டெப்பின் தாமதம் அடுத்ததற்குத் தொற்றாது.

கேள்வி: கீபோர்டின் மிடி அவுட்டை (நோட் தகவல் வெளிவரும் இணைப்பு) பையின் ஜிபிஐஓ பின்னில் (வெளிச் சாதனங்களை இணைக்கும் கம்பி முனை) நேரடியாகக் கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை, 5 வோல்ட் ஏறினால் போர்டு போய்விடலாம். நடுவில் 6என்138 போன்ற ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் சிப்) வையுங்கள். அதன் வெளியீட்டு புல்-அப் (சிக்னலை மேலே இழுத்துவைக்கும் மின்தடை) 3.3 வோல்ட்டில் இருக்க வேண்டும். சாலிடரிங் பழக்கமில்லை என்றால் யுஎஸ்பி மிடி கேபிள் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: மிருதங்கம் வாசிக்கிறேன். 16 ஸ்டெப் கட்டத்துக்குள் மிஸ்ர சாபுவையும் (ஏழு எண்ணிக்கைத் தாளம்) கண்ட நடையையும் (பீட்டுக்கு ஐந்து) எப்படி அடக்குவது?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அடக்கவே வேண்டாம். 16 என்பது பழைய மெஷின்களின் பட்டன் வரிசை, அவ்வளவுதான். ஒவ்வொரு டிராக்குக்கும் தனி நீளம் கொடுங்கள். 7 ஸ்டெப் டிராக்கும் 16 ஸ்டெப் டிராக்கும் 112 ஸ்டெப்புக்கு ஒருமுறை சமத்தில் (சுற்றின் தொடக்கத்தில்) சந்திக்கும், கேட்கவே அழகு.

நடைதான், அதாவது ஒரு பீட்டை எத்தனையாகப் பிரிப்பது என்பதுதான் சிக்கல். கருவிகளை ஒத்து ஓடவைக்கும் மிடி கிளாக் பீட்டுக்கு 24 துடிப்பு. திஸ்ரம் 3, சதுஸ்ரம் 4 இரண்டுக்கும் அது வகுபடும். கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9 எதற்கும் வகுபடாது. அதனால் உள்கணக்கில் பீட்டுக்கு 2520 டிக் (சின்ன நேரத் துண்டு) வைக்கிறேன். ஐந்து நடைக்கும் மீதியில்லாமல் வகுபடும். 105 டிக்குக்கு ஒருமுறை மிடி கிளாக்கும் அனுப்பலாம். ஒவ்வொரு டிக்குக்கும் புரோகிராம் எழ வேண்டியதில்லை. அடுத்த சொல் (அடி) விழும் நேரத்தில் எழுந்தால் போதும்.

கேள்வி: 2520 வீண். பல மென்பொருள்களில் 960 தான். அந்த வித்தியாசம் யார் காதில் விழும்?

பதில்: ஒரு அடியில் விழாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 960-ஐ 7-ஆல் வகுத்தால் 137 போக மீதி ஒன்று. 137-ஐ ஏழு தடவை கூட்டினால் 959. பீட்டுக்கு ஒரு டிக் தொலைகிறது. 120 பிபிஎம்மில் அது அரை மில்லிசெகண்டுக்குச் சற்று மேல். 100 பீட்டில் 52 மில்லிசெகண்ட்! அது எல்லார் காதிலும் விழும். பீட்டுக்கு பீட்டு திருத்திக்கொள்ளலாம், சரி. வகுபடும் எண் கையில் இருக்கும்போது எதற்கு அந்த ஒட்டு வேலை?

கேள்வி: 5 வோல்ட் சென்சாரை நேரடியாக...

பதில்: 3.3 வோல்ட். மேலே பாருங்கள்.

கேள்வி: பை 5-இல் ஹெட்போன் ஜாக் எங்கே?

பதில்: கிடையாது. யுஎஸ்பி ஆடியோ அல்லது ஐ2எஸ் டிஏசி (டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் போர்டு).

கேள்வி: ஆர்டுயினோவிலிருந்து 5 வோல்ட் வந்தால்?

பதில்: அதற்கும் அதே பதில்தான். லெவல் ஷிஃப்டர் (5 வோல்ட்டை 3.3-ஆக மாற்றும் சுற்று) போடுங்கள்.

கேள்வி: 2520 வைத்துப் பார்த்தேன், நன்றாக ஓடுகிறது. ஆவர்த்தனத்தின் (ஒரு முழுத் தாளச் சுற்றின்) நடுவே நடை மாற்றினால் மட்டும் தடுமாறுகிறது.

பதில்: பட்டனை அழுத்திய உடனே மாற்றாதீர்கள். புது நடையைத் தனியாகக் குறித்துவைத்து, அடுத்த சமம் வரும்போது மாற்றுங்கள்.