வருவோர் குறைந்தும் இடமில்லை: பெருந்தொற்றுக் கால அவசர சிகிச்சைப் பிரிவு – கேள்வி பதில்

கே: பெருந்தொற்று என்றால் கேஷுவாலிட்டி நிரம்பி வழியும் என்றுதான் நினைத்தோம். 2020இல் கோவிட் வந்தபோது பல இடங்களில் காற்று வாங்கியது என்கிறார்களே?

ப: உண்மைதான். அமெரிக்காவில் 2019 ஏப்ரல் வாக்கில் வாரத்துக்குச் சுமார் 21 லட்சம் பேர் வந்தார்கள். மறு ஆண்டு அதே நாட்களில் 12 லட்சம். 42 சதவீதச் சரிவு. இங்கிலாந்தில் 2020 ஏப்ரலில் சுமார் 57 சதவீதம் குறைந்தது. அமெரிக்கக் கணக்கில் மிக அதிகமாகக் குறைந்த வயதினரில் 14 வரையிலான பிள்ளைகள் முன்னால் நிற்கிறார்கள்.

எல்லாத் தொற்றும் இப்படி நடந்துகொள்ளாது. 2003இல் சார்ஸ் மருத்துவமனைக்குள்ளேயே பரவியதால் தைவானிலும் டொராண்டோவிலும் மக்கள் ஒதுங்கினார்கள். ஆனால் 2009இல் எச்1என்1 என்ற பன்றிக் காய்ச்சல் வந்தபோது காய்ச்சல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் குவிந்தார்கள். 'அங்கே போனால் ஒட்டிக்கொள்ளும்' என்ற பயம் பெரிதா, 'இது அந்தக் காய்ச்சலோ' என்ற பதற்றம் பெரிதா என்பதைப் பொறுத்தது.

கே: வருகை பாதியானால் வேலையும் பாதியாக வேண்டாமா டாக்டர்? நான் செவிலியர். ஸ்ட்ரெச்சர் காலியாகவே இல்லை.

ப: தலையை எண்ணினால் ஏமாந்துபோவோம். மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை, ஒருவர் சராசரியாகத் தங்கும் மணி நேரத்தால் பெருக்குங்கள். அதுதான் எந்த நேரத்திலும் உள்ளே இருப்பவர்களின் சராசரி. நாளுக்கு 120 பேர், அதாவது மணிக்கு 5 பேர். 4 மணி நேரம் தங்கினால் 20 படுக்கை போதும். வருகை 72ஆகக் குறைந்து மணிக்கு 3 பேர் ஆகட்டும். தங்கல் 10 மணி நேரமானால் 30 படுக்கை வேண்டும்! வருகை 40 சதவீதம் குறைந்திருக்கிறது, தேவை ஒன்றரை மடங்காகியிருக்கிறது.

தங்கல் ஏன் நீள்கிறது? மூக்கில் குச்சி விட்டு எடுக்கும் ஸ்வாப் பரிசோதனையின் முடிவு வராமல் வார்டு எடுத்துக்கொள்ளாது. சாதாரண உபாதைக்காரர்கள் வீட்டோடு நின்றுவிட்டதால், வருகிறவர்களில் அட்மிஷன் தேவைப்படுவோரின் விகிதம் ஏறுகிறது. பிபிஇ எனும் பாதுகாப்பு உடையை மாட்டிக் கழற்றும் நேரம் வேறு. எல்லாவற்றையும்விடக் கண்ணுக்குத் தெரியாத இழப்பு ஒன்று உண்டு: 20 படுக்கையை, தொற்றுச் சந்தேகம் உள்ளவர்களுக்கான சுவாசப் பகுதிக்கு 10, மற்றவர்களுக்கு 10 என்று பிரித்தால் ஒரு பக்கம் காலியாக இருக்கும்போதே மறு பக்கம் வரிசை நிற்கும். நடுவே நான்கைந்து படுக்கைகளை எந்தப் பக்கமும் சேர்க்கக்கூடியதாகத் தடுப்பு, கதவோடு வைத்திருந்தால் இது பெருமளவு தீரும்.

கே: அறையில் ஒரு தொற்று நோயாளிக்கு மூச்சுக்குழாயில் ட்யூப் போட்ட பிறகு அடுத்த நோயாளியை எப்போது விடலாம்?

ப: அறைக் காற்று மணிக்கு எத்தனை முறை மாறுகிறது என்று பொறியாளரிடம் கேளுங்கள். 6 முறை என்றால் காற்றில் மிதக்கும் கிருமித் துகள்களில் 99 சதவீதம் நீங்க 46 நிமிடம், 99.9 சதவீதத்துக்கு 69 நிமிடம். 12 முறை என்றால் 23, 35 நிமிடம். நோயாளி வெளியேறிய பிறகே கடிகாரத்தைத் தொடங்க வேண்டும். காற்று நன்றாகக் கலக்கும் என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. முட்டுச்சந்தான மூலைகளில் கூடுதல் நேரம் பிடிக்கும்.

வழக்கமாக நடக்கும் தவறு, ஸ்ப்ளிட் ஏசி ஓடுகிறதே என்று நிம்மதியாக இருப்பது. அது அதே காற்றைத்தான் சுற்றவிடுகிறது.

கே: மாரடைப்புக்காரர்கள் எங்கே போனார்கள் சார்?

ப: அமெரிக்காவில் 2020 மார்ச்சில் அவசரநிலை அறிவித்ததற்குப் பிந்தைய 10 வாரங்களில், முந்தைய 10 வாரங்களோடு ஒப்பிட, மாரடைப்பு வருகை 23, பக்கவாதம் 20 சதவீதம் குறைந்தன. நோயே குறைந்திருந்தால் சந்தோஷப்படலாம். ஆனால் இத்தாலியின் லோம்பார்டியில் நான்கு மாகாணங்களில், தொற்றின் முதல் 40 நாட்களில், மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோனவர்கள் முந்தைய ஆண்டைவிட 58 சதவீதம் அதிகம். அதில் ஒரு பங்கு கோவிட்டே. மறு பங்கில், தயங்கியவர்களும் இருந்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.

பக்கவாதத்துக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட வழக்கமான அவகாசம் நாலரை மணி நேரம். ஆகவே வருகைப் பதிவேட்டோடு, அறிகுறி தொடங்கி வாசலுக்கு வர எவ்வளவு நேரமானது என்பதையும் எழுதி வையுங்கள். கேடு முதலில் அங்கேதான் தெரியும்.

கே: குழாயில் ஆக்சிஜன் அழுத்தம் விழுகிறது, டேங்கோ முக்கால்வாசி இருக்கிறது. எப்படி?

ப: டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு, நிமிடத்துக்கு எவ்வளவு வெளியே தள்ள முடியும் என்பது வேறு. திரவத்தை வாயுவாக்கும் வேப்பரைசருக்கும் குழாயின் விட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதை மீறி இழுத்தால் சுருளில் பனி கட்டிப் படர்ந்து, அழுத்தம் சரியும். நிமிடத்துக்கு 60 லிட்டரில், முழு ஆக்சிஜனில் ஓடும் ஒரு ஹை ஃப்ளோ கருவி (மூக்கு வழியாக வேகமாக ஆக்சிஜன் செலுத்துவது), 15 லிட்டர் மாஸ்க் நான்குக்குச் சமம். 7,000 லிட்டர் சிலிண்டர் 15 லிட்டரில் 7¾ மணி நேரம் தாங்கும். 60 லிட்டரில் இரண்டு மணி நேரம்கூட வராது.

செலவில்லாத வைத்தியம்: ரத்த ஆக்சிஜன் அளவு 99 சதவீதம் காட்டும் நோயாளிக்கு ஓட்டத்தைக் குறையுங்கள். 92–96 போதும், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும் அபாயம் உள்ளவர்களுக்கு 88–92.

கே: வீட்டில் ஆக்சிமீட்டர் எவ்வளவு காட்டினால் கிளம்ப வேண்டும்?

ப: கோவிட்டுக்கு இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் சொன்னது: 95 அல்லது அதற்கு மேல் சரி, 93–94 என்றால் போனில் கேளுங்கள், 92 அல்லது குறைந்தால் கிளம்புங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, விரலைச் சூடாக்கி, நகப்பூச்சை அழித்து, எண் நிலைக்கும்வரை காத்திருங்கள். கறுத்த தோலில் கருவி உண்மையைவிடக் கூட்டிக் காட்டலாம். எனவே நேற்றைய எண்ணோடு ஒப்பிடுவது முக்கியம். நெஞ்சு வலி, உதடு நீலம், குழப்பம் இருந்தால் கருவியைத் தேட வேண்டாம்.

கே: பதின்ம வயதினரின் மனநல வருகை 31 சதவீதம் ஏறியதாகப் படித்தேன்.

ப: கவனமாகப் படியுங்கள். அமெரிக்காவில் 2020 மார்ச் நடு முதல் அக்டோபர் வரை 12–17 வயதில் ஏறியது, மொத்த வருகையில் மனநல வருகையின் விகிதம். மொத்த வருகை விழுந்ததால், எண்ணிக்கை குறைந்தபோதும் விகிதம் ஏறும். ஆனால் தற்கொலை முயற்சி எனச் சந்தேகித்த சிறுமிகளின் வருகை, 2021 பிப்ரவரி 21 முதல் மார்ச் 20 வரை, 2019இன் அதே காலத்தைவிட 51 சதவீதம் அதிகம். அது எண்ணிக்கையிலேயே வந்த ஏற்றம்.

கே: அலை ஓய்ந்ததும் சுவாசப் பகுதியைக் கலைத்துவிடலாமா?

ப: உடனே வேண்டாம். 2021இல் அமெரிக்காவில், குழந்தைகளின் சுவாசத்தைப் பாதிக்கும் ஆர்எஸ்வி வைரஸ் வழக்கமான குளிர்காலத்தை விட்டுக் கோடையில் கிளம்பியது. தடுப்புச் சுவரை எடுக்கலாம். காற்றோட்ட வேலையைத் தொடாதீர்கள்.