தற்காப்புக்காகச் சுட்டார் என்று செஷன்ஸ் கோர்ட் விடுதலை செய்துவிட்டது. இனி எங்களுக்கு என்ன வழி?

உங்கள் கேள்வியிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. அம்பாசமுத்திரம் பக்கம் தோட்டத்துக் கிணற்றுத் தகராறு. 2021-ல் பக்கத்துத் தோட்டக்காரர் லைசென்ஸ் துப்பாக்கியால் சுட்டதில் உங்கள் அண்ணன் இறந்துவிட்டார். தற்காப்பு என்று சொல்லி திருநெல்வேலி செஷன்ஸ் கோர்ட் அவரை விடுதலை செய்து மூன்று வாரம் ஆகிறது. ஊரில் எல்லாரும் "விடுதலை ஆயிட்டா அம்புட்டுதான்" என்கிறார்கள்.

அம்புட்டுதான் இல்லை. அது அமெரிக்கச் சட்டம். அங்கே ஜூரி குற்றமில்லை என்று சொல்லிவிட்டால் அரசாங்கம் அப்பீல் போக முடியாது. 2013-ல் ஃபுளோரிடாவில் ஜார்ஜ் ஜிம்மர்மேன் விடுதலை ஆனபோது கொலை வழக்கு அத்தோடு முடிந்தது. நம் நாட்டில் விடுதலைக்கு எதிராக மேல்முறையீடு உண்டு. இறந்தவர் குடும்பமே நேரடியாகப் போகலாம்.

யார் மேல் தப்பு என்று நான் சொல்லப் போவதில்லை. தீர்ப்பைப் படிக்காமல் அதைச் சொல்கிறவர் யாரையும் நீங்களும் நம்ப வேண்டாம். தற்காப்பு உண்மையிலேயே ஓர் உரிமை, சட்டத்தின் ஓட்டை இல்லை. "வக்கீலுக்குப் பிழைப்பு காட்டுறான்" என்று கீழே எழுத வருகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டு எழுதட்டும்.

பாதிக்கப்பட்டவரின் அப்பீல் உரிமை பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 372-ன் காப்புரை (பிரிவோடு சேர்த்த விலக்கு வாசகம்). 2009 டிசம்பர் 31 முதல் அமலில் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய பி.என்.எஸ்.எஸ்.-ல் அது பிரிவு 413. அரசு அப்பீல் போக வேண்டுமானால் முதலில் ஹைகோர்ட்டின் அனுமதி வாங்க வேண்டும். குடும்பத்துக்கு அந்த அனுமதி தேவையில்லை என்று 2018-ல் மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. உங்கள் அப்பீல் போக வேண்டிய இடம் ஹைகோர்ட் மதுரைக் கிளை. "ரிவிஷன் (சீராய்வு மனு) போட்டால் போதும், செலவு கம்மி" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரிவிஷனில் விடுதலையைத் தண்டனையாக மாற்ற ஹைகோர்ட்டுக்கு அதிகாரம் கிடையாது.

யார் பெயரில் போடுவது என்பதில் கவனமாக இருங்கள். பாதிக்கப்பட்டவர் என்ற சொல்லுக்குள் சட்டப்படி வாரிசும் வருவார். அண்ணி, பிள்ளைகள், அப்பா, அம்மா இவர்களில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் சிக்கல் இல்லை. தம்பி என்ற முறையில் நீங்கள் மட்டும் போட்டால், "இவர் வாரிசே இல்லை" என்று எதிர்த்தரப்பு முதல் நாளே எழுந்து நிற்கும். அன்று உங்களுக்கும் காயம் பட்டிருந்தால் கதை வேறு, அப்போது நீங்களே பாதிக்கப்பட்டவர்.

அடுத்தது காலக்கெடு. அரசு அப்பீலுக்கு 90 நாள். குடும்பத்தின் அப்பீலுக்குச் சட்டத்தில் தனியாக நாள் போடவில்லை. அதனால் 90 நாள் இருக்கிறது என்று நம்பி உட்காராமல் 60 நாளுக்குள் போட்டுவிடுங்கள். தாண்டினால் தாமத மன்னிப்பு மனு போட்டு ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்ல வேண்டிவரும். நகல் வாங்கப் பிடிக்கும் நாள்கள் கணக்கில் கழியும். ஆனால் இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சான்றிட்ட நகலின் பின்பக்கம் ஒரு முத்திரை இருக்கும்: மனு போட்ட நாள், கட்டணம் கட்டச் சொன்ன நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், வாங்கிய நாள். கட்டச் சொல்லி நீங்கள் சும்மா இருந்த நாள்களும், தயாரான பிறகு போய் வாங்காத நாள்களும் உங்கள் கணக்கில்தான் விழும். பாளையங்கோட்டையில் கோர்ட் நகல் பிரிவு பலகையை யாராவது தினமும் போய்ப் பார்க்க வேண்டும். அதுவரை படிப்பதற்கு, சி.என்.ஆர். எண்ணை (வழக்குக்குரிய தனி அடையாள எண்) போட்டு இ-கோர்ட்ஸ் தளத்தில் தீர்ப்பை இறக்கிக்கொள்ளலாம்.

தீர்ப்பின் கடைசிப் பத்தியை இன்றே படியுங்கள். சான்றுப் பொருள்களை என்ன செய்வது என்று அதில் எழுதியிருக்கும். வழக்கமாக, அப்பீல் காலம் முடிந்ததும் துப்பாக்கியை உரிமையாளரிடம் கொடுக்க வேண்டும், இரத்தக் கறை படிந்த சட்டை, வேட்டியை மதிப்பில்லாதவை என்று அழித்துவிட வேண்டும் என்று இருக்கும். அந்தச் சட்டையில் இருக்கும் ஓட்டையும் கரியும்தான் எவ்வளவு தூரத்திலிருந்து சுடப்பட்டது என்பதற்குச் சாட்சி. அப்பீல் எண் கிடைத்த அன்றே செஷன்ஸ் கோர்ட்டில் ஒரு மெமோ போட்டு, பொருள்களை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். விடுதலையான எதிரியிடம் (குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் அப்படித்தான் சொல்வார்கள்) 6 மாதப் பிணைப்பத்திரம் வாங்கினார்களா என்றும் பாருங்கள் (பழைய 437-ஏ, புதிய 481). மேல் கோர்ட் கூப்பிட்டால் வருவேன் என்ற உறுதி அது. அந்த 6 மாதத்துக்குள் அப்பீல் நம்பர் ஆகிவிட்டால் நோட்டீஸ் சார்வு செய்ய அலைய வேண்டியிருக்காது.

இனி முக்கியமான பகுதி. அப்பீல் கண்ணீரில் ஜெயிப்பதில்லை. விடுதலையான ஆளுக்குக் குற்றமற்றவர் என்ற அனுமானம் இரட்டிப்பாகிறது. அதே சாட்சியத்தை வைத்து இரண்டு முடிவுக்கு வர முடியுமானால், விடுதலை செய்த முடிவைத் தொடக்கூடாது என்பது சுப்ரீம் கோர்ட்டின் 2007 சந்திரப்பா தீர்ப்பிலிருந்து எல்லா ஹைகோர்ட்டும் திரும்பத் திரும்பச் சொல்வது. அதனால் "இந்தத் தீர்ப்பு தப்பு" என்று சொல்லி நிறுத்தினால் போதாது. "இந்தச் சாட்சியத்தை வைத்துக்கொண்டு யாரும் இந்த முடிவுக்கு வரவே முடியாது" என்று காட்ட வேண்டும்.

நீதிபதி எந்தப் பத்தியில் தற்காப்பை ஏற்றுக்கொண்டார் என்று தேடுங்கள். நம் பக்கத்து வழக்குகளில் பெரும்பாலும் அது ஒரே இடத்தில் வந்து நிற்கும்: எதிரி உடம்பில் இருந்த காயத்தை அரசு தரப்பு விளக்கவில்லை. எதிரி அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஏ.ஆர். காப்பி (காயங்களைப் பதியும் ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல்) போட்டிருப்பார், "நாலு பேர் கம்பால் அடித்தார்கள்" என்று. உங்கள் தரப்புச் சாட்சிகள் "அவருக்குக் காயமே இல்லை" என்று கூண்டில் சொல்லியிருப்பார்கள். அந்த ஒரு பொய் போதும், மொத்தக் கேஸும் சரியும். கவுண்டர் கேஸ் (அதே சம்பவத்தில் எதிரி தரப்பு கொடுத்த எதிர்வழக்கு) இருந்தால் இரண்டையும் ஒரே அதிகாரி விசாரித்து, யார் முதலில் தாக்கியது என்று முடிவு செய்ய வேண்டும் என்பது போலீஸ் நிலை ஆணை 588-ஏ. அதைச் செய்யாமல் ஒன்றைக் கிடப்பில் போட்டிருந்தால், பலன் எதிரிக்குத்தான் போகும். காயம் இருந்தது உண்மையானால் அப்பீலில் அதை மறுக்காதீர்கள். அது எவ்வளவு சின்னக் காயம், அதற்குத் துப்பாக்கி தேவையா என்று கேளுங்கள்.

பிறகு தூரம். 12 போர் துப்பாக்கியில் ஒரு கெஜத்துக்குள் சுட்டால் ரவை மொத்தமாக ஒரே ஓட்டையாக உள்ளே போகும், கிட்டத்திலேயே என்றால் சுற்றிலும் கரியும் வெடிமருந்துப் புள்ளிகளும் இருக்கும், அட்டைத் தக்கை காயத்துக்குள்ளேயே கிடைக்கும். தள்ளிப் போகப் போக ரவை சிதறித் தனித்தனி ஓட்டையாகும். "என் மேலே பாய்ந்து கழுத்தைப் பிடித்தான், சுட்டேன்" என்று எதிரி 313 கேள்வியில் (சாட்சியம் முடிந்ததும் நீதிபதி எதிரியிடம் கேட்கும் கேள்விகள்) சொல்லியிருந்து, போஸ்ட்மார்ட்டம் சான்றில் முதுகில் ஓரடி அகலத்துக்கு ரவை சிதறியிருந்தால் இரண்டும் ஒத்துவராது. ஓடுகிறவனைச் சுடுவது தற்காப்பு ஆகாது. ஆபத்து விலகிய நொடியில் உரிமையும் முடிந்தது (ஐ.பி.சி. 102, புதிய 40). ஆனால் சிதறல் அளவு பாரல், தோட்டா வகையைப் பொறுத்து மாறும். அதே துப்பாக்கி, அதே தோட்டாவில் சோதனைச் சூடு நடத்தி நிபுணர் சொன்னாரா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் டாக்டரின் வெறும் யூகத்தைக் கோர்ட் தூக்கிப் போட்டுவிடும். அப்பீலில் புதுச் சாட்சியம் சேர்க்க நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 391 (புதிய 432) இருக்கிறது. விசாரணையில் விட்ட ஓட்டையை அடைக்க அதைத் தர மாட்டார்கள்.

சொத்துத் தகராறும் அப்படித்தான். தோட்டத்துக்குள் நுழைந்தான், மோட்டாரை நிறுத்தினான் என்பதற்காக உயிரை எடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை. கொள்ளை, இரவில் வீடு உடைத்தல், குடியிருக்கும் வீட்டுக்கோ பொருள் வைக்கும் கட்டடத்துக்கோ தீ, அல்லது உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ பயப்படும்படியான திருட்டு, சேதம், வீட்டு அத்துமீறல். ஐ.பி.சி. பிரிவு 103-ல் (புதிய 41) வருவது இவ்வளவுதான்.

அப்பீலில் கட்டாயம் மாற்றுக் கோரிக்கை கேளுங்கள். 302 (கொலை) மட்டும் கேட்டு முட்டுபவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். தற்காப்பு உரிமை இருந்தது, ஆனால் அளவு மீறினார் என்றால் அது 300-ன் இரண்டாம் விதிவிலக்கு. தண்டனை 304 முதல் பாகம் (கொலை ஆகாத மரணம்). கோபத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இது கசக்கும், தெரியும். ஆனாலும் நீதிபதிகள் சம்மதிக்கக்கூடிய வாசல் பெரும்பாலும் இதுதான்.

எதிர்ப்பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். பஞ்சாபில் நிலத் தகராறில் லைசென்ஸ் துப்பாக்கியால் சுட்ட தர்ஷன் சிங்கை விசாரணைக் கோர்ட் விடுதலை செய்தது, ஹைகோர்ட் தண்டித்தது, 2010-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடி விடுதலை செய்தது. தற்காப்பை எதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி நடந்திருக்கலாம் என்று காட்டினால் போதும். உங்கள் வக்கீல் இந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசவே இல்லையென்றால் வேறு வக்கீலைப் பாருங்கள். மதுரையில் தோற்றால் 90 நாளுக்குள் சுப்ரீம் கோர்ட்டில் சிறப்பு அனுமதி மனு போடலாம்.

அரசையும் அப்பீல் போகச் சொல்லி கலெக்டர், எஸ்.பி., உள்துறைச் செயலர் மூவருக்கும் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். அதை நம்பி உங்கள் அப்பீலை நிறுத்தாதீர்கள். சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முந்தையது என்பதால் குற்றப் பிரிவுகள் ஐ.பி.சி.தான். வாட்ஸ்அப்பில் சுற்றும் பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த புதிய சட்டம்) அட்டவணையைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நடைமுறைப் பிரிவுகளுக்கு இரண்டு எண்ணையும் போட்டுவிடுங்கள்.

நஷ்டஈடு சிவில் வழக்கு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 1855-ம் வருட உயிரிழப்பு விபத்துச் சட்டத்தில் மனைவி, பிள்ளை, பெற்றோருக்காகப் போடலாம். கிரிமினல் விடுதலை அதைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கெடு 2 வருஷம். அதுவும் தீர்ப்பு நாளிலிருந்து இல்லை, இறந்த நாளிலிருந்து. கிரிமினல் கேஸ் முடியட்டும் என்று காத்திருந்த குடும்பங்கள் எல்லாம் இதில்தான் மாட்டுகின்றன. சிவில் வழக்கில் தாமத மன்னிப்பும் கிடையாது. உங்களுக்குக் கெடு போய்விட்டது. அண்ணன் பிள்ளைகள் மைனர் என்றால், காலவரம்புச் சட்டம் 6-ம் பிரிவை வைத்து வாதாட இடமுண்டா என்று ஒரு சிவில் வக்கீலிடம் மட்டும் கேளுங்கள்.

அதற்குப் பதில் ஒன்று இன்னும் திறந்திருக்கிறது. நடைமுறைச் சட்டம் பிரிவு 357-ஏ (புதிய 396) இழப்பீடு. வழக்கு விடுதலையில் முடிந்தாலும் குடும்பத்துக்கு மறுவாழ்வு தேவை என்றால் பரிந்துரைக்கலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அண்ணி பெயரில் மனு போடுங்கள். பெண் என்பதால் வருமானம் பார்க்காமல் அவருக்கு இலவச வக்கீலும் உண்டு. 15100-க்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள்.

துப்பாக்கி லைசென்ஸ் தனி விஷயம். விடுதலை ஆனால் தானாகத் திரும்பக் கிடைத்துவிடாது. பொது அமைதிக்குப் பாதகம் என்றால் ஆயுதச் சட்டம் 17(3)-ன்படி ரத்து செய்யலாம். உங்கள் பகுதிக்கு அதிகாரி கலெக்டர், நெல்லை மாநகரம் என்றால் போலீஸ் கமிஷனர். காட்டுப்பன்றிக்கு என்று வாங்கிய பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸா என்று பார்த்து, அதையும் மனுவில் எழுதுங்கள்.

கேள்விக்குக் கீழே ஒருவர் "திருநெல்வேலிக்காரன் கோர்ட்டுக்கா போவான்?" என்று எழுதி, அதற்கு விருப்பக்குறிகள் வேறு விழுந்திருக்கின்றன. எழுதியவர் எந்த ஊரோ. நெல்லை என்றாலே அருவா என்று சினிமாக்காரர்கள் வருஷக்கணக்காக விற்று, இப்போது நம் பிள்ளைகளே அதை ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். பாளையங்கோட்டையில் எத்தனை பள்ளி, எத்தனை கல்லூரி என்று எந்தப் படத்திலும் வராது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் படத்தோடு "பழி தீர்ப்போம்" என்று ஃப்ளெக்ஸோ ஸ்டேட்டஸோ போட்டால் உங்கள் பேரில்தான் அமைதி காப்பேன் என்று எழுதி வாங்கும் 107 (புதிய 126) வழக்கு வரும், ஆர்.டி.ஓ. முன்னால் ஜாமீன் எழுதிக் கொடுத்துவிட்டு நிற்பீர்கள். அந்த ஸ்கிரீன்ஷாட் மதுரையிலும் வந்து சேரும். விடுதலையானவரைக் கொலைகாரன் என்று பெயர் போட்டு எழுதினால் அவதூறு, நீதிபதி விலை போய்விட்டார் என்று எழுதினால் கோர்ட் அவமதிப்பு. அவர்கள் பக்கமிருந்து மிரட்டல் வந்தால் தேதி, நேரம் போட்டுப் புகார் எழுதி ரசீது வாங்குங்கள். அதே 126 அவர்களுக்கும் பொருந்தும்.

மதுரைக்குப் போகும்போது அண்ணியையும் கூட்டிப் போங்கள், வக்காலத்தில் அவர் கையெழுத்து வேண்டும். தீர்ப்பின் சான்றிட்ட நகல், எல்லா அ.சா. (அரசுத் தரப்புச் சாட்சி) வாக்குமூலங்கள், போஸ்ட்மார்ட்டம் சான்று, தடய அறிவியல் அறிக்கை, எதிரியின் ஏ.ஆர். காப்பி, 313 கேள்வி பதில், வாரிசுச் சான்று. இதில் ஏ.ஆர். காப்பியைத்தான் எல்லாரும் வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள், நமக்கு எதிரான காகிதம்தானே என்று. வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.